கொல்லைப்புறச் செடிகள் குறித்து

சேலையூர், சென்னை

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். மழை விட்டதும் கொல்லைப்புறம் புதர் மண்டிக் கிடப்பதைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் களைக்கொல்லி அடிக்கச் சொன்னாய். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அங்கே முளைத்திருப்பவற்றில் பாதி, செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் உன் பாட்டி மருந்தாகப் பறித்தவை. சிரங்குக்குக் குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசுவார். பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூச் செடியின் இலையைக் கசக்கி, அரிவாள் வெட்டில் சாறு பிழிவார். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்று யாராவது சொல்லியிருந்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

கீழாநெல்லியைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும். புளிய இலை போன்ற அதன் கிளையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் சின்னஞ்சிறு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். மஞ்சள் காமாலைக்கு அதை வேரோடு அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது வழக்கம். சென்னையில் தியாகராஜன் உள்ளிட்டோர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், இவ்வினச் செடியின் பொடியை உட்கொண்ட ஹெபடைடிஸ் பி (காமாலை உண்டாக்கக்கூடிய கல்லீரல் கிருமி) பாதிப்புடைய 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஊரில் வரும் காமாலையில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே இறங்கும் வகை என்பதால், செடிக்குச் சற்று எளிதாகவே நல்ல பெயர் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பித்தநீர்க் குழாயைக் கல் அடைத்திருந்தால் எந்தக் கஷாயமும் உதவாது. ஆகவே கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள். பாட்டியின் பெயரைச் சொல்லித் தாமதிக்காதே.

தோட்டக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பார்த்தீனியத்தை மட்டும் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் செடி என்பதால் அவருக்குக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா வாரந்தோறும் அந்தப் புதரிலிருந்துதான் மூக்கிரட்டைக் கீரை பறித்துப் பருப்போடு கடைகிறார். களைக்கொல்லி அடித்தால் அது நேரே அவர் வீட்டுச் சட்டிக்குப் போகும்.

இப்படிக்கு,
அப்பா