லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலத் திட்டங்களில் பங்களிக்க விரும்பும் மாணவர்களிடம் ‘ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுத்துப்பிழை திருத்தித் தொடங்குங்கள்’ என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதில், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் கட்டளைகள் பழகும், நிரல் பழகாது. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு நிகழ்ச்சியின் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லைச் செருகிய புல் ரிக்வெஸ்ட்டுகள் (மாற்றத்தை ஏற்கும்படி கேட்கும் வேண்டுகோள்கள்) வந்து குவிந்தன. விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே அந்த நிகழ்ச்சி என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கற்றுத்தரும் திருத்தம் வேறு மாதிரி. சராசரி கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு பகுதி), காலிப் பட்டியல் வந்தால் பூஜ்யத்தால் வகுக்கப் போய் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் இரண்டே வரி. ஆனால் காலிப் பட்டியலுக்கு ஒரு டெஸ்ட் (சோதனை நிரல்) எழுதி, அது தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிரலைத் தொட வேண்டும். திருத்திவிட்டு எழுதினால், எதையுமே சோதிக்காத டெஸ்ட்டும் பச்சை காட்டும். விடையாகப் பூஜ்யம் தருவதா, பிழை எழுப்புவதா என்ற கேள்வியும் வரும். அதைக் கேட்கத் தெரிந்தவர் பாதி தேறிவிட்டார்.

இதை அனுபவசாலி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். முடிக்காமல் விட்டுவைக்கத்தான் மனம் வராது. விட்டுவைத்தாலும் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவருக்கு ஏற்ற பணி) என்று லேபிள் ஒட்டிவிட்டுப் போனால் புதியவருக்கு வழி தெரியாது. எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், வழுவை வரவழைக்கும் கட்டளை, டெஸ்ட் ஓட்டும் கட்டளை ஆகிய நான்கும் இஷ்யூ எனப்படும் அந்தப் பணிக்குறிப்பிலேயே இருக்கட்டும். விடையை எழுதிவிட வேண்டாம்.

புதியவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் நிரல் அல்ல. மாற்றியது ஒரு வரி; புல் ரிக்வெஸ்ட்டில் 400 வரி மாறியதாகத் தெரியும். சேமிக்கும்போது எடிட்டர் கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தியிருக்கும், அல்லது வரி முடிவுக் குறிகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றியிருக்கும். கமிட் செய்யுமுன், அதாவது மாற்றத்தைப் பதியுமுன், மாறிய வரிகளைக் காட்டும் ‘கிட் டிஃப்’ பார்த்தால் தெரிந்துவிடும். ‘கிட் ஆட்’ கட்டளையுடன் ‘-பி’ சேர்த்தால் வேண்டிய துண்டை மட்டும் எடுக்கலாம். இன்னொன்று, ஃபோர்க்கின் (திட்டத்திலிருந்து எடுத்த சொந்த நகலின்) முதன்மைக் கிளையான மெயினிலேயே வேலை செய்வது. இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்டில் முதலாவதின் கமிட்டுகளும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூலத் திட்டத்தின் மெயினிலிருந்து புதுக் கிளை பிரிக்க வேண்டும்.

பராமரிப்பாளர்கள் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. திட்டங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் முதல் முறை பங்களிப்பவரின் தானியங்கிச் சோதனைகள், பராமரிப்பாளர் அனுமதி கொடுத்தால்தான் ஓடும். பல திட்டங்களில் இதுதான் நடைமுறை. அந்த அனுமதிப் பொத்தானை அழுத்தாமல் பத்து நாள் கிடந்தால், தன் நிரலில்தான் கோளாறு என்று எண்ணிப் புதியவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார். மறுஆய்வுக்கு நேரம் இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தானையாவது அன்றே அழுத்திவிடலாம்.

இப்படிக்கு,
திறமூலத் திட்டப் பராமரிப்பாளர்கள் சிலர்