கூப்பிட்டால் எடுக்காத நாட்களைப் பற்றி

லாங்ரீச், குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் நான் போனை எடுக்காததால் அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை என்று தம்பி சொன்னான். மனசு கேட்கவில்லை. கம்பம் ஏறி லைன் பார்த்தவர் நீங்கள், சொன்னால் புரிந்துகொள்வீர்கள். அம்மாவுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர் பிரிஸ்பேனிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஊருக்குள் போன் நன்றாகவே எடுக்கும். ஆனால் புண்ணுக்குக் கட்டுப் போடவும், சர்க்கரை பார்க்கவும் நான் மாட்டுப் பண்ணை வீடுகளுக்குக் காரில் போகிறேன். ஊரைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே சிக்னல் போய்விடும். அப்புறம் மணிக்கணக்கில் கிடையாது. நீங்கள் கூப்பிட்ட நேரமெல்லாம் நான் அந்தச் சாலையில்தான் இருந்திருப்பேன்.

ஆஸ்திரேலிய மக்களில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு செல்போன் சேவை உண்டு என்பார்கள். நிலப்பரப்பை எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் எட்டுகிறது. அந்த 99 சதவீதம் வீடு இருக்கும் இடத்தை வைத்துப் போட்ட கணக்கு. வேலி பார்க்கப் போகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் அதில் வரமாட்டார்கள். இரண்டு பண்ணை வீட்டுக்கு நடுவே வெறும் புல்வெளி. அங்கே டவர் வைத்தால் பேசுவதற்கு ஆள் இல்லை, வருமானமும் இல்லை. அரசு மானியம் கொடுத்தால்தான் கம்பெனிகள் வருகின்றன. ஆள் குறைவு என்பதால் உயிரின் மதிப்பு குறைந்துவிடுமா என்று எனக்குக் கோபம் வரும்.

2024 அக்டோபர் கடைசியில் இங்கே 3ஜியையும் நிறுத்தினார்கள். நான் மதுரையில் வாங்கிக்கொண்டு வந்த போனில் 4ஜி இருந்தும், குரல் அழைப்புக்கு அது 3ஜியைத்தான் நம்பியிருந்தது. அவசர எண் 000-க்குப் பேச முடியாத போன்களை நெட்வொர்க்கில் விடக்கூடாது என்பது இங்கே விதி. அதனால் புதுசு வாங்கினேன்.

பயப்படாதீர்கள், காரில் யுஎச்எஃப் ரேடியோ இருக்கிறது, வண்டிக்கு வண்டி பேசும் வாக்கி-டாக்கி மாதிரி. 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டே போவார்கள், அவசரத்துக்கு 5-ஆம் சேனல். ஒருமுறை டயர் வெடித்து நின்றபோது 40-இல் சொன்னேன். மூன்று ட்ரெய்லர் பூட்டி மாடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் நிறுத்தி, டயர் மாற்றிக் கொடுத்து, நான் கிளம்பும்வரை நின்றுவிட்டுத்தான் போனார். (இதை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) இன்னொரு சின்னக் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். அதை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாக கான்பெராவில் இருக்கும் மீட்பு மையத்துக்கு நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். இந்தப் பக்கம் குளோன்கரி என்ற ஊரில் 1928-இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. டாக்டரிடம் விமானம் இருந்தது, ஆனால் நோயாளி அவரைக் கூப்பிட வழியில்லை. மறுவருஷம் ஆல்ஃப்ரெட் ட்ரேகர் என்பவர் தையல் மெஷின்போலக் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவைக் கொண்டுவந்தார். மிதித்துக்கொண்டே தந்தி போல மோர்ஸ் தட்டினால் தகவல் போய்விடும். நீங்கள் இங்கே வந்தால் இதைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுவீர்கள்.

இப்போது பல பண்ணை வீடுகளில் செயற்கைக்கோள் இன்டர்நெட் வந்துவிட்டது. அந்த வைஃபை கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுகிறேன். நீங்கள் அனுப்பும் செய்திக்கு டிக் ஒன்றே ஒன்று விழுந்தால் நான் சாலையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மதியம் மூன்றரை, எனக்கு இரவு எட்டு. அந்த நேரம் வீட்டிலிருந்து நானே கூப்பிடுவேன். அதுவும் வராவிட்டால், தம்பியிடம் ஆஸ்பத்திரி லேண்ட்லைன் எண் கொடுத்திருக்கிறேன், அதில் கேளுங்கள். அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி