ஃபாஸ்பிண்டரின் வேகம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் பற்றி வந்த கட்டுரை, 13 ஆண்டுகளில் அவர் 40 படங்கள் வரை எடுத்துக் குவித்ததற்குப் போதைப் பழக்கத்தையும் தூங்காத இரவுகளையும் காரணம் காட்டுகிறது. 1982 ஜூனில், 37 வயதில் போதைப்பொருள் அளவு மீறி அவர் இறந்த விதம் அப்படி எழுதத் தூண்டும்தான். படங்களைப் பார்த்தால் வேறு கணக்குத் தெரிகிறது.

'காட்செல்மாஹர்' (1969) ஒன்பது நாளில் முடிந்த படம். கேமரா பெரும்பாலும் அசையாது. சுவரையோ தடுப்புக் கம்பியையோ நேருக்கு நேர் பார்த்து நிற்கும்; நடிகர்கள் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு காட்சிக்கு நான்கு கோணம் வைத்தால் நான்கு முறை லைட்டிங்கை மாற்ற வேண்டும். படப்பிடிப்பில் நாளை விழுங்குவது அதுதான். ஃபாஸ்பிண்டர் அந்தச் செலவுக்கே இடம் கொடுக்கவில்லை. இருவர் நடந்துவரக் கேமரா பின்னால் நகரும் ஷாட்கள் மட்டும் விலக்கு. பியானோ இசையும் அங்கேதான் ஒலிக்கிறது.

'பெட்ரா ஃபோன் கான்ட்டின் கசப்புக் கண்ணீர்' (1972) பத்து நாள் வேலை. ஒரே வீடு, ஆறு பெண்கள், பின்சுவரில் பிரெஞ்சு ஓவியர் புஸ்ஸானின் ஓவியத்தினுடைய பெரிய நகல். ஏற்கெனவே மேடையேறிய அவருடைய சொந்த நாடகம் என்பதால் வசனம் செட்டில் திருத்தப்பட வேண்டியதில்லை. மியூனிக்கில் அவர் நடத்திய 'ஆன்டிதியேட்டர்' நாடகக் குழு நாட்களிலிருந்தே நடிகர்கள் ஹன்னா ஷிகுல்லா, இர்ம் ஹெர்மன், குர்ட் ராப், இசையமைப்பாளர் பேர் ராபன் என்று அதே ஆட்கள். எடிட்டிங்கையும் 'ஃபிரான்ஸ் வால்ஷ்' என்ற புனைபெயரில் பல படங்களுக்கு அவரே செய்தார்.

இதைப் பார்த்து நீண்ட ஷாட்டில் இறங்கும் குறும்பட இயக்குநர்கள் மாட்டிக்கொள்வது ஒத்திகையில். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் வசனத்தை விட்டால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். வெட்டி ஒட்ட மாற்று ஷாட் இருக்காது. பழகிய குழு இல்லாமல் இந்த முறையில் நேரம் மிச்சமாகாது, விரயம்தான் ஆகும்.

சிக்கனம் அவருக்குக் கொள்கையும் அல்ல. தொலைக்காட்சிக்கு எடுத்த 'மார்த்தா'வில் (1974) இருவர் எதிர்ப்படும் ஒரு கணத்துக்காக ஒளிப்பதிவாளர் மிக்கேல் பால்ஹவுஸின் கேமரா அவர்களை முழு வட்டமாகச் சுற்றுகிறது. அவர்களும் கூடவே திரும்புகிறார்கள். வேண்டிய இடத்தில் தாராளம்.

சறுக்கிய இடம் 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' (1980). 13 பகுதியும் ஒரு பின்னுரையுமாக, ஏறத்தாழ 15 மணி நேரத் தொடர். 16 எம்எம் ஃபிலிமில் குறைந்த ஒளியில் எடுத்தது, அன்றைய டிவி பெட்டிகளில் வெறும் இருட்டாகத் தெரிய, நேயர்கள் கொதித்தார்கள். 2007 பெர்லின் திரைப்பட விழாவில் வந்த புதுப்பித்த பிரதியில் படம் துலங்குகிறது. ஒளியைக் கூட்டிவிட்டார்கள் என்ற முணுமுணுப்பும் எழுந்தது. முதன்முறை பார்ப்பவருக்கு அந்தப் பிரதியே நல்லது.

ஒரு திருத்தம்: பெர்லின் விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியைப் பெற்றது, கட்டுரையில் உள்ளபடி 'மரியா பிரவுனின் திருமணம்' அல்ல, 1982இல் 'வெரோனிகா ஃபோஸ்'. 'மரியா பிரவுன்' படத்துக்காக 1979இல் ஹன்னா ஷிகுல்லாவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை