செகாக் தாளில் இரண்டு எடைகளையும் சேர்த்துப் பாருங்கள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான்காம் ஆண்டு முதல் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செகாக் என்ற உடற்தகுதிச் சோதனை நடத்தி, உயரமும் எடையும் அளந்து பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) போடுகிறீர்கள். அந்தத் தாளில் குண்டுப் பிள்ளைகளை மட்டும் தேடினால் அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்று பயந்து பட்டினி கிடக்கும் மனநோய், கண்ணில் படாது.

11 வயதுச் சிறுமி ஒருத்தியை வைத்துக் கணக்குப் போடுவோம். முதல் சோதனையில் 142 செ.மீ., 38 கிலோ, பி.எம்.ஐ. 18.8. இரண்டாவதில் 144 செ.மீ., 35.5 கிலோ, பி.எம்.ஐ. 17.1. இரண்டுமே அந்த வயதுக்கு இயல்பான அளவுதான், யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். ஆனால் உயரம் ஏறியிருக்க எடை இரண்டரைக் கிலோ இறங்கியிருக்கிறது. 11 வயது எடை கூட வேண்டிய வயது. இறங்குவது இருக்கட்டும், ஏறாமல் நின்றாலே விசாரிக்க வேண்டும். பருமனான பிள்ளை மளமளவென்று இளைத்தாலும் இதே ஆபத்துதான். அவளுக்கு மட்டும் நாம் கைதட்டுகிறோம். பையன்களுக்கும் இது வரும்.

இதைத் தமிழில் 'பசியின்மை' என்று எழுதுவதே பாதி வினை. பசி இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற பயம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. பெற்றோர் பசி டானிக் வாங்கிக் கொடுத்தே மாதங்களைக் கடத்துகிறார்கள். பட்டினி கிடக்கும் மனம் உணவையே சுற்றிச் சுற்றி வரும். வீட்டாருக்கு விதவிதமாகச் சமைத்துப் பரிமாறுவாள், தான் ஒரு வாய் வைக்க மாட்டாள்.

சிற்றுண்டிச்சாலையில் கவனியுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலியை ஒரு பக்கம் ஒதுக்கி, சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்து, மணி அடித்ததும் அப்படியே மடித்துக் குப்பையில் போடுவாள். கேட்டால் "வீட்டிலேயே சாப்பிட்டுட்டேன் டீச்சர்." வீட்டில் கேட்டால் "ஸ்கூல்ல சாப்பிட்டேம்மா." இரண்டு பதிலையும் சேர்த்துக் கேட்க ஆள் இல்லை. பினாங்கு வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாத பிள்ளையையும் பாருங்கள்: உடம்பு சூட்டைத் தக்கவைக்கத் திணறுகிறது. விரல் நுனி நீலம் பாயும், கையிலும் முதுகிலும் பூனைமுடி அரும்பும், தலைமுடி கொட்டும், மலச்சிக்கல் இருக்கும். விரதமும் நல்ல மறைவிடம். தைப்பூசம் முடிந்து எல்லோரும் தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கிய பிறகும் இவளுடைய விரதம் மட்டும் முடியாது.

உள்ளே நடப்பது இதைவிட மோசம். இதயத் தசை மெலிந்து நாடி தளரும். ஓட்டப் பயிற்சியின் பலன் என்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றதும் முன்பு இருந்ததைவிட 35 துடிப்புக்கு மேல் கூடினாலோ, மயங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு. விரலை விட்டு வாந்தி எடுப்பவளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து இதயத்துடிப்பு தாறுமாறாகும். விரல் முட்டியில் தழும்பும் கன்னத்தின் அடியில் வீக்கமும் அதற்குத் துப்பு. ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். எலும்பு வலுப்பெற வேண்டிய வருடங்கள் வீணாகும், பின்னால் முழுதாக ஈடுகட்ட முடியாது.

உங்களால் ஆகக்கூடியவை சில. எடையை வகுப்பு முன்னிலையில் உரக்கப் படிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையைத் திட்டாமல் பெற்றோரை அழைத்து இரண்டு எண்களையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலைய) டாக்டருக்கு அதைவிட உதவும் தாள் வேறில்லை. அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் குழந்தைகள், மனநலப் பிரிவுகளுக்கு அனுப்புவார்கள். சிகிச்சையில் பெரும்பாலும் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரே ஏற்பார்கள்: மூன்று வேளை உணவு, இடையில் மூன்று பலகாரம். ஓய்வு நேர வேளை பள்ளியில்தான் கழியும் என்பதால் ஒரு ஆசிரியர் அருகில் உட்கார்ந்து, உணவைப் பற்றிப் பேசாமல் வேறு கதை பேசினால் போதும். நாள்கணக்காக ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாத பிள்ளைக்கு மட்டும் திடீரென்று விருந்து வைக்க வேண்டாம். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நிற்கக்கூடும். முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது புது ஆசிரியருக்கு இவளுடைய பழைய எடை தெரிந்திருக்காது. கடைசி நான்கு செகாக் அளவுகளை ஒரு உறையில் போட்டுப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து தாதியரும் உணவியலாளரும்