எரிவாயு மின்சாரமும் எங்கள் மாந்தோப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது. வீட்டு விளக்கு, மின்விசிறி, ஓசூர் தொழிற்சாலைகளின் இரவு ஷிப்ட் எல்லாம் அந்த நேரத்தில்தான் மின்சாரம் கேட்கின்றன. நிலக்கரி உலையை அணைத்துவிட்டு மறுபடி சூடேற்றப் பல மணி நேரம் ஆகும். எரிவாயு டர்பைனைச் சில நிமிடங்களில் ஓடவிடலாம். யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயுவும் நிலக்கரியில் வருவதில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் இறக்குமதியாகும் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) விலை ஏறினால் மின்சார விலையும் எகிறும். அதனால் நாள் முழுக்க ஓட்டாமல், மாலை நேரத் தேவைக்கென்று எரிவாயுவை வைத்துக்கொள்வதே சரி.

அப்புறம், அந்த எரிவாயு வரும் குழாய். இத்தகைய குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் போகும் நிலம் நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதன்மேல் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. மாந்தோப்பை நம்பிப் பிழைக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது நிலத்தையே இழப்பதற்குச் சமம். 2016இல் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய்த் திட்டத்துக்கு வழிவிட்டது. இருந்தாலும், சாலையோரமாகக் கொண்டுபோக முடிந்த இடங்களில் அப்படியே செய்யலாமே! முடியாத இடத்தில், வெட்டும் ஒவ்வொரு மாமரமும் இன்னும் எத்தனை ஆண்டு காய்த்திருக்கும் என்று கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும்.

– மா விவசாயி, போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்