அன்று நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

போன மாதம் நாம் போன பாரைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. "நல்லா இருந்துச்சுப்பா, இன்னொரு நாளும் வரலாம்" என்றீர்கள். எனக்கு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. உங்கள் மகள் புது வேலையில் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டபோது நீங்கள் சிரித்துக்கொண்டே "ஆமாமா" என்றீர்கள். அந்தக் கேள்விக்கு "ஆமாமா" ஒரு பதிலே இல்லை. மூன்று மணி நேரமும் அந்த இரைச்சலில் சரியாகக் கேட்காமல், என் வாயைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறீர்கள். நானும் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மறுநாள் வெந்நீரும் கையுமாக இருந்தேன்.

இதை உங்களிடம் தனியாகச் சொன்னால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தட்டிக் கழிப்பீர்கள். வீட்டில் டிவி சத்தத்தைப் பற்றி அண்ணி சொன்னதற்கும் அதைத்தானே சொன்னீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான், தப்பும் என்னுடையதுதான். படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். பூசாத செங்கல் சுவர், உயரமான கூரை, மெருகேற்றிய சிமென்ட் தரை, தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி. நகர மையத்தில் நல்ல சூழல் உள்ள பார் என்று யார் தேடினாலும் முதலில் வந்து நிற்பது இப்படிப்பட்ட இடம்தான். படத்தில் சத்தம் கேட்காது என்பதை மறந்துவிட்டேன். அந்த அழகான சாமான்கள் ஒவ்வொன்றும் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. செங்கல், சிமென்ட், கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் ஒரு மேசையின் சிரிப்பு பத்து மேசைக்குப் போய்ச் சேரும்.

இதைக் கணக்காக முதலில் பிடித்தவர் வாலஸ் சபின் என்ற இயற்பியல் ஆசிரியர். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரி செய்து கொடுங்கள் என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். ஆள் இல்லாத அந்த அரங்கில் எழுப்பிய ஒலி அடங்க ஐந்தரை வினாடிக்கு மேல் ஆனதாம். ஐந்தரை வினாடியில் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்துவிடலாம். அதன் மேல் முந்தின வாக்கியத்தின் எச்சமும் ஏறிக்கொள்ளும். ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஊதி, சத்தம் எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. தான் போட்டிருக்கும் உடுப்பு கூட ஒலியை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், அதுவரை எடுத்த அளவுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஒரே உடுப்பில் மறுபடி ஆரம்பித்தார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆகவே இப்போது ஒரு பாரின் படத்தைப் பார்த்தால் நான் மெத்தையைத்தான் தேடுகிறேன். தரையில் கம்பளம் உண்டா, திரைச்சீலை உண்டா, முதுகு உயர்ந்த மெத்தை இருக்கை உண்டா, கூரை தாழ்வா. பழைய பாணி ஓட்டல்களின் பார் பலருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் கம்பளமும் கனத்த திரையும் தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலியுமாக, காதுக்கு அவைதான் சொர்க்கம். அங்கே யாரும் யாரையும் கவர வருவதில்லை என்பதும் ஒரு நிம்மதி.

நாம் போனது ஆறரை மணிக்கு. அப்போது அமைதியாகத்தானே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஏமாந்தோம். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்று 1911-இல் எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் எழுதினார். இன்றைக்கும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. பக்கத்து மேசைக்காரர் குரலை ஏற்றினால் நாம் ஏற்றுவோம், நாம் ஏற்றியது கேட்டு அவர் இன்னும் ஏற்றுவார். போதாததற்கு, பேச்சுக்கு மேல் பாட்டு கேட்கட்டும் என்று கவுன்டரில் இருப்பவரும் ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருகுவார். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். கூட்டமான பாரில் 85-ஐத் தாண்டுவது சகஜம். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். எட்டரை மணிக்கு அது சந்தை ஆனதில் யாருடைய குற்றமும் இல்லை, எல்லோருடைய குற்றமும்தான்.

இதில் உங்களுக்கு மட்டும் கூடுதல் அடி. வயது ஏற ஏறக் காதில் முதலில் மங்குவது கீச்சென்ற உச்ச ஒலிகள். பேச்சில் உயிரெழுத்து ஓசை கனமானது, தாங்கி நிற்கும். சொல்லைச் சொல்லாக்குகிற மெய்யெழுத்து ஓசை மெலிந்தது, இரைச்சலில் முதலில் மூழ்கிப்போகும். நான் "பாட்டு" என்றாலும் "காட்டு" என்றாலும் "மாட்டு" என்றாலும் உங்களுக்கு எல்லாம் வெறும் "ஆட்டு"தான். நீங்கள் ஆட்டியதும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பார்களில் ஸ்பீக்கரில் அலறும் பாட்டைப் பற்றி ஒரு புலம்பல். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை திருட்டுத்தனமாக நடந்த மதுக்கடைகளை 'ஸ்பீக்ஈசி' என்றார்கள். அந்தச் சொல் மதுவிலக்குக்கும் முந்தியது. வெளியே கேட்காமல் மெல்லப் பேசு என்பதிலிருந்து வந்தது. இன்றைக்கு அந்தப் பெயரில் ரகசியக் கதவும் மங்கிய விளக்கும் வைத்துத் திறக்கிறவர்கள் பலர், உள்ளே போனதும் காதைப் பிளக்கிறார்கள். கதவைக் காப்பியடித்தவர்கள் பெயரையும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

சரி, போகாமலே ஓர் இடம் எப்படி என்று தெரிந்துகொள்ள நான் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. போன் செய்கிறேன். மத்தியானம் இல்லை, நாம் போக நினைக்கிற அதே கிழமையில், முந்தின வாரம், ராத்திரி எட்டரைக்கு. மூலையில் மேசை கிடைக்குமா என்று கேட்பது பேருக்குத்தான். என் காது போனை எடுத்தவருக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தில்தான் இருக்கிறது. எடுத்தவர் "என்ன? என்ன?" என்று இரண்டு முறை கேட்டாலோ, கதவைத் திறந்து வெளியே போய்ப் பேசினாலோ, நன்றி சொல்லி வைத்துவிட வேண்டியதுதான். ஐந்து இடத்துக்குப் போட்டேன், நான்கு இப்படியே போயின. ஐந்தாவதில் எடுத்தவர் தாழ்ந்த குரலில் பேசினார். அவருக்குப் பின்னால் யாரோ கிளாஸைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அந்த இடத்துக்கு நான் தனியாக இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்பக்கத் தெரு, முதல் மாடி. வேலை முடிந்து வரும் கூட்டம் சலுகை விலை நேரத்தில் குடித்துவிட்டு ஏழு மணிக்குள் ரயிலுக்குப் போய்விடுகிறது. அப்புறம் அந்தத் தெருவில் ஆளில்லை. உள்ளே டிவி இல்லை. இது முக்கியம்: ஒலியை அடைத்து வைத்த டிவி கூட எதிரே இருப்பவரின் கண்ணை இழுத்துவிடும். மிக்சியில் அடிக்கிற பானம் எதுவும் பட்டியலில் இல்லாததால் அந்தக் கொர்ர்ரும் இல்லை.

விளக்கைப் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. மங்கலாக இருந்தால் சூழல் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறவர், முகம் தெரியாவிட்டால் அதுவும் போயிற்று. உச்சந்தலைக்கு மேல் தொங்கும் ஒற்றை விளக்கு கண்ணையும் வாயையும் நிழலில் தள்ளிவிடும். இங்கே ஒவ்வொரு மேசையிலும் முகம் பார்க்கிற உயரத்தில் சின்ன விளக்கு. விளக்கின் நிறத்தைச் சொல்லும் அளவில் சுமார் 2700 கெல்வின் என்கிற மஞ்சள் வெளிச்சம். அறை இருட்டு, முகம் வெளிச்சம். பட்டியலைப் படிக்க போன் டார்ச்சைத் தேட வேண்டியதில்லை.

மருத்துவர் சொன்னதிலிருந்து நீங்கள் குடிப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கிறது. இந்த விஷயத்தில் பல பார்கள் ஒரு சோடாவைக் கொடுத்து ஓரங்கட்டிவிடும். இங்கே மது கலக்காத பானத்தையும் அதே கவனத்தோடு செய்கிறார்கள். இரண்டாவது முறை அதைத்தான் வாங்கினேன். கசப்பும் புளிப்புமாக, மெல்ல மெல்லக் குடிக்கிற மாதிரி இருந்தது. கிளாஸில் ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி. பொடி ஐஸைவிட அதன் மேற்பரப்பு குறைவு என்பதால் மெதுவாகத்தான் கரையும். அரை மணி நேரம் பேச்சு நீண்டாலும் பானம் தண்ணியாகாது. கவுன்டரில் இருந்தவர் பானத்தை ஊற்றியதும் அந்தக் கட்டி உள்ளுக்குள் 'டிக்' என்று விரிசல் விட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அண்ணா. மணி அப்போது எட்டு நாற்பது. சுற்றிலும் ஆறு மேசையில் ஆள் இருந்தார்கள்.

மேசையையும் முடிவு செய்துவிட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தால்தான் பேச்சு வரும் என்று நினைத்திருந்தேன். ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் ஒரு மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கவனித்தபோது, மேசையின் ஒரு முனையைப் பகிர்ந்து செங்கோணமாக உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். யோசித்தால் சரிதான், தூரம் பாதியாகிறது, முகமும் தெரிகிறது, சும்மா இருக்க வேண்டும் என்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பவும் இடம் இருக்கிறது.

வியாழக்கிழமை ஏழரை மணி. மூலையில் சுவரை ஒட்டிய மெத்தைப் பெஞ்சு உங்களுக்கு. இடது காதுப் பக்கம் சுவர் வரும். வலது காது தேவலை என்று அண்ணி சொன்னார், அந்தப் பக்கம் நான். உங்கள் மகளின் வேலையைப் பற்றி முதலிலிருந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி