மூத்த பிள்ளையை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிட்னி ரக்பி லீக் கழகங்களின் ஆரம்ப காலம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தெருவில் முயல் விற்றவர்களின் கூவலிலிருந்து சவுத் சிட்னி அணிக்கு 'ராபிட்டோஸ்' என்ற பட்டப்பெயர் வந்த கதை அருமை. ஆனால் 1908-இல் தொடங்கிய அணிகளை வரிசையாகச் சொல்லிவந்த கட்டுரையாளர், சிட்னி நகருக்குள்ளேயே இருக்கும் கிளீப் என்ற ஊரின் அணியை ஓரிடத்தில்கூட எழுதவில்லை. மூத்த பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுக் குடும்பப் படம் எடுத்த மாதிரி இருக்கிறது.

கிளீப் கழகம் அமைந்தது 1908 ஜனவரி 9 அன்று, அந்த ஊர் டவுன் ஹாலில். சவுத் சிட்னி ரெட்ஃபெர்ன் டவுன் ஹாலில் கூடியது ஜனவரி 17. பால்மெய்ன் 23, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 24. நியூடவுன்காரர்கள் மட்டும் "நாங்கள் 8-ஆம் தேதியே கூடிவிட்டோம்" என்பார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நான் கிளீப் கட்சி. எட்டு வருடம் அங்கே வாடகைக்குக் குடியிருந்தவன் வேறெப்படிப் பேசுவேன்?

இது வெறும் தேதிப் பெருமை இல்லை. பழைய ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து, ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரும் ஆட்டமாக வளர்ந்த ரக்பி லீக் சிட்னிக்கு வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் மனிதரே கிளீப்காரர்தான். அலெக்ஸ் பர்டன் என்ற முடிதிருத்துநர். 1907-இல் ரக்பி யூனியன் ஆட்டத்தில் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். டிக்கெட் விற்றுப் பணம் சேர்த்த யூனியன், அவர் இழந்த கூலிக்கு எதுவும் தரவில்லை. தொழிலுக்கு ஆடாதவர்கள் காசு கேட்கக் கூடாது என்பது அன்றைய விதி. வசதி உள்ளவனுக்குச் சரி, அன்றாடங்காய்ச்சிக்கு? 1895-இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் யூனியனிலிருந்து பிரிந்ததும் இதே கூலிப் பிரச்சினையால்தான். பர்டன் விஷயத்தில் கொதித்துப்போனவர்கள் கூடிப் பேசிய இடம் மார்க்கெட் தெருவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை. கடைக்காரர் யார் தெரியுமா? கிரிக்கெட் மேதை விக்டர் ட்ரம்பர்! 1907 ஆகஸ்ட் 8 அன்று லீக் உருவானபோது அதன் முதல் பொருளாளரும் அவர்தான். நம் வாசகர்களில் கிரிக்கெட் பைத்தியங்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். இதைக் கட்டுரையாளர் எப்படித் தவறவிட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

போட்டியின் முதல் நாள் 1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள். கிளீப் கரையில், சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கிய வென்ட்வொர்த் பார்க்கில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. அவற்றில் ஒன்றில் கிளீப் 8-5 என்று நியூகாசிலை வென்றது. பின்னாளில் வேட்டைநாய்ப் பந்தயம் நடந்த மைதானம் என்றுதான் இன்று பலருக்கும் அந்த இடம் தெரியும்.

அணியின் சட்டை அரக்குச் சிவப்பு. அதனால் 'டர்ட்டி ரெட்ஸ்', அதாவது அழுக்குச் சிவப்பர்கள், என்று பட்டப்பெயர். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைத்த ஊருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்திருக்கும். அணியில் ஆளுக்கும் பஞ்சமில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய ரக்பி யூனியன் அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்ற கிறிஸ் மெக்கிவாட், லீக்குக்கு மாறியதும் வந்து சேர்ந்தது கிளீப்பில். அப்புறம் பர்ஜ் சகோதரர்கள் நால்வர். அவர்களில் ஃப்ராங்க் பர்ஜ் 1920-இல் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 8 'ட்ரை' (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார். ஓட்டக்காரர்கள் நிறைந்த பின்வரிசையிலிருந்து அல்ல, முட்டி மோதுகிற முன்வரிசையிலிருந்து! நூறு ஆண்டு தாண்டியும் சிட்னி முதல்தர ஆட்டத்தில் அதை யாரும் மிஞ்சவில்லை.

இத்தனை இருந்தும் கோப்பை கைக்கு வரவில்லை. 1911-இல் பட்டியலில் முதலிடம் பிடித்த கிளீப், இறுதியில் அன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் டாலி மெசெஞ்சரின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸிடம் 11-8 என்று தோற்றது. அந்த மூன்று புள்ளிதான் ஐயா, கையருகே வந்து வழுக்கியது. 1922 இறுதியாட்டத்தில் நார்த் சிட்னியிடம் 35-3 என்று வாங்கியதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. இடையில் 1913-இல் 'சிட்டி கப்' ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

1929 பருவம் முடிந்ததும் லீக் நிர்வாகம் ஓட்டெடுப்பு நடத்திக் கிளீப்பை வெளியேற்றியது. 22 பருவங்களோடு கதை முடிந்தது. எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறாயோ அந்த வட்டாரத்துக்குத்தான் ஆட வேண்டும் என்பது அன்றைய சட்டம். சின்ன ஊர், புறநகருக்குப் பெயர்ந்துகொண்டிருந்த மக்கள், அதோடு இப்படியொரு சட்டம். ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருவார்கள்? பர்ஜே 1927-இல் செயின்ட் ஜார்ஜ் அணிக்குப் போய், அதே வருடம் அவர்களை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். 1999 முடிவில் சவுத் சிட்னியை நீக்கியபோது ஊரே ஊர்வலம் போனதையும், நீதிமன்றம்வரை போராடி 2002-இல் அவர்கள் திரும்பி வந்ததையும் கட்டுரையாளர் உருக்கமாக எழுதியிருக்கிறார். நல்லது. அதற்கு எழுபது வருடம் முன்பே இதே அடி வாங்கி, திரும்பி வர வழியில்லாமல் போன அணிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த பகுதி 1920-களைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது ஃப்ராங்க் பர்ஜுக்கு ஒரு பத்தி தரச் சொல்லுங்கள். இன்னொன்று, 34-ஆம் பக்கப் படத்தில் இருப்பது சிவப்பும் பச்சையும் கலந்த சவுத் சிட்னிச் சட்டை. கீழே 'ஈஸ்டர்ன் சபர்ப்ஸ்' என்று அச்சாகியிருக்கிறது. ரெட்ஃபெர்ன்காரர் எவராவது பார்ப்பதற்குள் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கிளீப்வாசி ஒருவர்,
சிட்னி